யோர்தானுக்குப் பதில் பிராக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்ல வேண்டாம். பதினெட்டு வருஷமாக ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதுதான் என் தொழில். நான் இதுவரை விமானத்தில் கால் வைத்ததில்லை.

தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மொபைல் கடைக்கு மேலே என் ஆபீஸ். எபனேசர் டூர்ஸ் என்று பெயர். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், நான், அவ்வளவுதான். கரமனை, நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சபைகளிலிருந்து ஆட்களைச் சேர்த்து எருசலேமுக்கு அனுப்புவேன். ஆயிரத்துக்கு மேலே போய் வந்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு வரை போய், பெட்டியைத் தள்ளிக் கொடுத்து, கை காட்டிவிட்டு, ஆட்டோ பிடித்துத் திரும்பிவிடுவேன். டிக்கெட் இல்லாதவளை உள்ளே விடுவார்களா?

ஆனால் என்னிடம் வருகிறவர்கள், நான் அங்கே பத்துத் தடவையாவது போயிருப்பேன் என்றே நினைப்பார்கள். சாக்கடலில் எந்தப் பக்கம் இறங்கினால் கால் வழுக்காது, எந்த ஹோட்டலில் வெந்நீர் வராது, எந்தக் கழிவறைக்குச் சில்லறை வேண்டும், எல்லாம் சொல்லித்தான் அனுப்புவேன். போய் வந்தவர்களைக் குடைந்து குடைந்து கேட்டு வைத்திருப்பது. நான் போனதில்லை என்று யாரிடமும் சொன்னதில்லை. போகாதவள் சொன்னால் யார் கேட்பார்கள்?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இருபது பேர் சேர்ந்தால் இருபத்தொன்றாவது சீட் இலவசம். குழுத் தலைவருக்கு. டிக்கெட், தங்கல், சாப்பாடு, எல்லாம் அதிலே அடக்கம். அந்தச் சீட் எப்போதும் சபையின் ஐயருக்குத்தான். போதகரை நாங்கள் ஐயர் என்போம். யார் போட்ட சட்டமோ தெரியாது, ஐயர் இல்லாமல் புண்ணிய பூமிக்குப் போவதா என்பார்கள். "சரி" என்பேன். பதினெட்டு வருஷம் சரி, சரி என்று சொல்லியே என் நாக்குக்கு அந்த வார்த்தை பழகிவிட்டது.

இப்போது அந்தப் பக்கம் சண்டை. குழுக்கள் நின்றுபோயின. ஆபீஸில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது கொச்சியிலுள்ள ஒரு கம்பெனி, வியன்னா, பிராக், புடாபெஸ்ட் என்று ஒரு பயணத்தைக் கொடுத்தது. சபையில் சொன்னேன். வருகிறோம் என்றார்கள். புதிதாக வந்த ஐயரிடம் போய் நின்றேன். அவர் வீட்டில் மூன்று வாரக் குழந்தை. "நான் எங்கயும் வரல அக்கா, இவ என்னைக் கொன்னுருவா. நீங்களே பாத்துக்கிடுங்க" என்று கும்பிட்டார்.

நீங்களே பாத்துக்கிடுங்க! அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு படியிறங்கியவள் நேராகப் போட்டோ ஸ்டூடியோவுக்குத்தான் போனேன். விசா போட்டோவுக்குச் சிரிக்கக் கூடாது என்று அவன் நாலு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

சேர்ந்தவர்கள் சரியாக இருபது பேர். ஒருவர் கழன்றாலும் என் சீட் போய்விடும். சொந்தச் செலவில் போகிற வகை எனக்கு இல்லை. என் வீட்டுக்காரர் விமானம் என்ற வார்த்தையைக் கேட்டாலே வாந்தி எடுக்கிறவர், அவர் தரப்பில் தடையும் இல்லை உதவியும் இல்லை.

பிராக்கில் எங்களுக்கு வழிகாட்டி யானா என்ற பெண். வீடியோ காலில் பேசினாள். அவள் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே தரம், அதனால் நன்றாக ஒத்துப்போயிற்று. "அங்கே எங்களுக்கு அரை நாள்தானே, என்ன காட்டுவாய்?" என்று கேட்டேன். "என் நடைக்கு ரசவாதமும் மந்திரமும் என்று பெயர்" என்றாள்.

"மந்திரமா? அம்மா தாயே, எங்கள் ஆட்கள் சபைக்காரர்கள். வேறே இல்லையா?"

"இருக்கிறதே. பீர் மியூசியம். கடைசியில் ஆளுக்கு நாலு கிளாஸ் இலவசம்."

மந்திரமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. மூன்று வாரம், அவளுக்கு மத்தியானமும் எனக்குச் சாயங்காலமுமான நேரத்தில், யானா போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள், நான் தம்பானூரில் உட்கார்ந்துகொண்டு அவளோடு நடந்தேன். கீழே கண்டக்டர்கள் பாறசாலை, பாறசாலை என்று கத்திக்கொண்டிருந்தார்கள். என் மேஜையில் பிராக்.

நானூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ருடால்ஃப் என்று ஒரு ராஜா. ஈயத்தைத் தங்கமாக்குவேன் என்று எவன் சொன்னாலும் கூப்பிட்டு உட்கார வைத்து, அடுப்பும் கரியும் சம்பளமும் கொடுத்துவிடுவாராம். இங்கிலாந்திலிருந்து ஒருத்தன் வந்தான். ஏதோ கள்ளத்தனம் செய்து காதை அறுத்துவிட்டார்கள் என்றும், அதை மறைக்கத்தான் குல்லாய் போட்டிருந்தான் என்றும் பேச்சு. ராஜா அவனுக்குப் பட்டம் கொடுத்தார், பிறகு சிறையிலும் போட்டார். காது போனவனை நம்பியது ராஜா செய்த தப்பு, அவனை என்ன சொல்ல?

கோட்டைக்குள்ளே தங்கச் சந்து என்று ஒரு தெரு. குனிந்து நுழைகிற வாசல், நீலமும் மஞ்சளுமாகப் பொம்மை வீடுகள். "இங்கேயா ரசவாதிகள் இருந்தார்கள்?" என்றேன். "சும்மா சொல்வார்கள். காவல்காரர்களும் தட்டார்களும் இருந்த தெரு" என்றாள் யானா. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான். வழிகாட்டி என்றால் கதை அடித்துவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்னொரு வீட்டில் மந்திரவாதி ஒருவனைப் பிசாசு கூரை வழியாகவே தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். அந்த ஓட்டையை எத்தனை தடவை பூசினாலும் மூட முடியவில்லையாம். "எங்கள் ஊர் டெரஸிலும் அப்படித்தான், மழைக்கு மழை பூசுகிறோம்" என்றேன். அவள் சிரித்துவிட்டு, யாராவது ரசாயனம் காய்ச்சி வெடித்திருப்பார்கள் என்றாள். யூதர் தெருவில் ஆற்றுக் களிமண்ணால் செய்த ஆள் ஒருவன் கதை. வாயில் சீட்டு வைத்தால் எழுந்து வேலை செய்வான், எடுத்தால் மறுபடியும் மண். என் ஆபீஸுக்கு அப்படி ஒருத்தன் கிடைத்தால் தேவலை என்று சொல்லி வைத்தேன்.

எல்லாவற்றிலும் என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு நிலவறை. இருபது வருஷத்துக்கு முன்னால் பெரிய வெள்ளம் வந்து வடிந்தபோது ஒரு பழைய வீட்டுக்கு அடியில் சுரங்கம் தெரிந்ததாம். உள்ளே போனால் அடுப்பு, குடுவை, பானை. ரசவாதிகளின் சமையலறை என்கிறார்கள். யானா அந்த அடுப்பைக் காட்டினாள். "தங்கம் வந்ததா?" என்றேன். "குண்டுமணிகூட வரவில்லை. ஆனால் மறுநாளும் மூட்டினார்கள். வேறு என்னென்னவோ வந்தது, மருந்து, சாயம், கண்ணாடி" என்றாள். வராது என்று இன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்த ஒன்றுக்காகத் தினமும் காலையில் எழுந்து அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். அந்த அடுப்புக்கு முன்னால் நான் நின்றே ஆக வேண்டும் என்று தீர்மானித்தேன். போனில் பார்த்தது போதாது.

பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் அறிமுகக் கூட்டம். ஞாயிறு ஆராதனை முடிந்து, சபை ஹாலில். என் மகள் ஜெஸ்லின் லேப்டாப்பும் புரொஜக்டரும் கொண்டுவந்தாள். அவள் கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை, பாதி மலையாளம் பாதி தமிழ். "அம்மா டென்ஷன் அடிக்கண்டா, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். டென்ஷன் எனக்கில்லை. இருபது தலையும் வந்திருக்கிறதா என்று எண்ணினேன். வந்திருந்தது.

முன்வரிசையில் வேதமாணிக்கம் சார், கமிட்டிச் செயலாளர். தாலுகா ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் வேதப்புத்தகம், நான் அச்சடித்துக் கொடுத்த நோட்டீஸ், சிவப்புப் பேனா. நோட்டீஸை நாலாக மடித்து வைத்திருந்தார். எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் ராஜையன் அண்ணன் எழுந்தார். பாறசாலையில் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர். "லீலாபாய், வெள்ளை அங்கி எனக்கும் எனக்க வீட்டுக்காரிக்கும் தைச்சாச்சு. முட்டுவரைக்கும் போதுமா, கணுக்கால் வரைக்கும் வேணுமா?"

"என்ன அங்கி?" என்றேன்.

"ஆத்துல முங்குறதுக்கு!"

"நானும் தைச்சேன். காட்டன்தான், அல்லே வேண்டியது?" என்றாள் பிந்து. மெடிக்கல் காலேஜில் நர்ஸ். பின்னாலிருந்து இன்னும் நாலைந்து குரல், தைச்சாச்சு, தைச்சாச்சு என்று.

வேதமாணிக்கம் சார் எழுந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, தாலுகா ஆபீஸ் குரலில் நோட்டீஸை வாசித்தார். "ஆறாம் நாள். பிராக். காலை ஆறு மணிக்கு நதியில் இறங்கி ஞானஸ்நான உடன்படிக்கை புதுப்பித்தல். வெள்ளை அங்கி கொண்டுவரவும். நதி நீர் எடுத்துவர ஆளுக்கு ஒரு பாட்டில் வழங்கப்படும்."

அட கடவுளே! எங்கள் பழைய எருசலேம் நோட்டீஸில் ஆறாம் நாள் யோர்தான், இயேசு ஞானஸ்நானம் எடுத்த ஆறு. பதினெட்டு வருஷமாக அதே நோட்டீஸ்தான், தேதியை மாற்றுவேன், ஐயர் பெயரை மாற்றுவேன். இந்தத் தடவை ஊர்ப் பெயர்களை மாற்றினேன். அதற்குக் கீழே இருந்ததை வாசிக்கவே இல்லை. எருசலேமுக்கு ஆள் அனுப்புகிறவள் ஒருத்தியால்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்.

"அது யோர்தானுக்கு உள்ளது சார். தெரியாம ஒட்டிப் போச்சு. நவம்பர் மாசம் காலையில அந்த ஆத்துல இறங்கினா உடன்படிக்கை புதுக்காது, ஆள்தான் விறைச்சுப் போவும்" என்றேன்.

நல்ல வேளை, சிரித்தார்கள். ராஜையன் அண்ணன், "அப்பம் அந்த அங்கிய என்ன செய்ய?" என்றார். அவர் மனைவி, "கிறிஸ்துமஸுக்குத் தேவதூதனா நில்லுங்க" என்றாள். இன்னும் சிரிப்பு. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"சரி. யோர்தான் இல்ல. அப்பம் ஆறாம் நாள் என்ன?" என்றார் வேதமாணிக்கம் சார்.

ஜெஸ்லின் உதவி செய்வதாக நினைத்து ஒரு பட்டனைத் தட்டினாள். சுவர் முழுக்க ஒரு எலும்புக்கூடு, கையில் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு இளித்தது.

பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். "கடிகாரம்! அது கடிகாரம்!" என்று நானும் கத்தினேன். "மணியடிச்சா ஜன்னல் வழியா பன்னிரண்டு அப்போஸ்தலரும் வருவாங்க. அறுநூறு வருஷத்துக் கடிகாரம். மக்ளே, அப்போஸ்தலரைப் போடு!" ஜெஸ்லின் பதறிப்போய் அடுத்ததைத் தட்டினாள். பிசாசு தூக்கிக்கொண்டு போன வீடு வந்தது. கீழே தமிழில் பெரிய எழுத்தில் நானே தட்டச்சு செய்திருந்தேன், பிசாசு தூக்கிக்கொண்டு போன வீடு என்று.

வேதமாணிக்கம் சார் மெதுவாக வேதப்புத்தகத்தைத் திறந்தார். "உபாகமம் பதினெட்டு, பத்தாம் வசனம். குறிசொல்லுறவனும் சூனியக்காரனும் உங்களுக்குள்ள இருக்கப்படாது. எல்லாருக்கும் தெரியும். லீலாபாய், நீ எங்கள எங்க கூட்டிட்டுப் போற?"

"ரசவாதிகளும் மந்திரவாதிகளும் இருந்த தெருக்களுக்கு சார்."

"எனக்க பேரையும் எனக்க வீட்டுக்காரியுக்க பேரையும் வெட்டிரு."

இருபது, பதினெட்டு ஆயிற்று. என் சீட் போயிற்று. ஹாலில் முணுமுணுப்பு. இன்னும் இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் நினைத்தால் அப்போதே சமாளித்திருக்கலாம். அந்த அரை நாள் பஸ்ஸில் உட்காருவோம், ஜெபம் செய்வோம் என்று சொல்லியிருக்கலாம். விசுவாசத்துக்காக எரிக்கப்பட்ட ஹுஸ் என்ற போதகரின் சிலை அந்தச் சதுக்கத்தில் நிற்கிறது, அதை மட்டும் பார்ப்போம் என்றால் கைதட்டியே இருப்பார்கள். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் என் வீட்டுக்காரரே மொட்டைமாடிக்குப் போய்விடுவார்.

"வெட்டுதேன் சார். அதுக்கு முன்ன அஞ்சு நிமிஷம் கேளுங்க. நீங்க யாரும் அங்க மந்திரம் படிக்கப் போகல. ஒரு ராஜா, நூறு ஏமாத்துக்காரன், அதுல நாலு நல்லவன். எல்லாரும் அடுப்ப மூட்டிட்டு உக்காந்திருந்தானுவ. ஒருத்தனுக்கும் தங்கம் வரல. வராதுன்னு இன்னைக்கு நமக்குத் தெரியும், அவனுவளுக்குத் தெரியாது. தினமும் காலையில எழுந்து, இன்னைக்கு வரும்னு அடுப்பு மூட்டினானுவ. அத நினைச்சா எனக்கு அழுக வருது, கேட்டியளா. நம்மள்ல யாரு அப்படி மூட்டாதவங்க? ரப்பர் விலை ஏறும்னு அண்ணன் பன்னிரண்டு வருஷமா பாத்துட்டு இருக்காரு. வங்கித் தேர்வு இந்த வருஷம் கிட்டும்னு பிந்துக்க தம்பி ஏழு வருஷமா எழுதுதான். அது பாவமா? ஜெஸ்லின், அந்த அடுப்பப் போடு."

அடுப்பு வந்தது. செங்கல் கட்டு, மேலே பானை, பானைக்கு மேல் ஒரு மண்மூடி.

வேதமாணிக்கம் சார் நெற்றியைச் சுருக்கினார். சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். மூடியை விரலால் தொட்டார். "இதென்ன?"

"ரசம் காய்ச்சுற அடுப்பு சார்."

"அது தெரியுது. மூடிக்குச் சீலைமண் எங்க?"

"என்ன மண்ணு?"

"சீலைமண்ணு! துணியில களிமண்ணப் பூசி மூடியச் சுத்தி ஏழு சுத்து கட்டணும். காயவிட்டு மறுபடி கட்டணும். இப்படித் திறந்து போட்டா பாதரசம் நிக்குமா? பறந்துரும்லா? எனக்க தாய்மாமன் களியக்காவிளையில வைத்தியரு. மருந்துக்குப் புடம் போடும்ப நான்தான் சீலைமண் கட்டுவேன். ஒரு சுத்து குறைஞ்சா என் முதுகுல வைப்பாரு." கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. "நானூறு வருஷம்! ராஜாவுக்க காசு! சீலைமண் கட்டத் தெரியல! பின்ன எப்படித் தங்கம் வரும்?"

"கட்டியிருந்தா வந்திருக்குமா சார்?" என்றான் அஜீஷ், பிந்துவின் கணவன்.

"தங்கம் வராது. செந்தூரமாவது வந்திருக்கும்ல, சளிக்குத் திங்கலாம்!"

ஹால் அதிர்ந்தது. ராஜையன் அண்ணன் நாற்காலியில் சரிந்து சரிந்து சிரித்தார். வேதமாணிக்கம் சார் மட்டும் சிரிக்கவில்லை. "அடுத்த படம் போடு மக்ளே. அந்தக் குடுவை... அதுக்க கழுத்து நீளம் போதாது" என்றார். பத்து நிமிஷம் ஒவ்வொரு படமாக நிறுத்தி அந்த ராஜாவின் ஆட்களைக் கிழித்தார். உபாகமத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டிருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "எங்க ரெண்டு பேருக்க பேரும் அங்கயே இருக்கட்டும். இத நேர்ல பாத்து அவனுவட்ட சொல்லாம விடக்கூடாது" என்றார்.

மறுபடியும் இருபது. பிந்து, "எங்க மாமியாரும் வாறாங்களாம் சேச்சி, இப்பம் போன்ல சொல்லிட்டேன்" என்றாள். இருபத்தொன்று! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனந்தத்தில் டீ ஊற்றக் கிளம்பினேன்.

அப்போது ராஜையன் அண்ணன் எழுந்தார். "ஒரு காரியம். ஐயரு வரல. பின்ன தலைவரு யாரு? விவரம் தெரிஞ்ச ஆளு வேதமாணிக்கம் சார்தான். அந்தத் தலைவர் சீட்டு சாருக்குத்தான். என்ன சொல்லுதீங்க?"

எல்லாரும் கைதட்டினார்கள். அஜீஷ் விசிலடித்தான். சார் வேண்டாம் என்று சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சட்டைக் காலரைச் சரி செய்தார்.

கணக்கு எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர் தலைவர் என்றால் மற்றவர் சரியாக இருபது. இலவசம் ஒன்று. அது அவருக்கு.

"என்ன லீலாபாய், சரிதானே?" என்றார் ராஜையன் அண்ணன்.

அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. கையில் டீ கெண்டி. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்த முகமாக இருந்தார்கள். நான் சரி என்பேன் என்று ஒருவருக்கும் சந்தேகமில்லை.

"இல்ல அண்ணன். அந்தச் சீட்டு எனக்கு."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். கைதட்டு அங்கங்கே நின்றது. ஜெஸ்லின் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"உனக்கா? நீ பாக்காத ஊரா?" என்றார் ராஜையன் அண்ணன், நிஜமாகவே புரியாமல். "உலகம் சுத்தினவ நீ. எங்களுக்குத்தான..."

"நான் எங்கயும் சுத்தல."

"எருசலேம்?"

"போனதில்ல."

"சாக்கடல்ல கால் வழுக்கும்னு சொன்னீங்களே? அந்த மூணாவது கழிப்பறையில தண்ணி வராதுன்னு சொன்னீங்களே? வரல சேச்சி, ஞான் போய்ப் பார்த்தேன்!" என்றாள் பிந்து.

"கேட்டு வச்சது. எல்லாம் கேட்டு வச்சது. ஆயிரம் பேர ஏத்தி விட்டிருக்கேன். எனக்கு அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. பிளேன்ல பெல்ட்ட எப்படிப் போடணும்னு உங்களுக்கு வகுப்பு எடுப்பேன்ல? நான் போட்டதில்ல." கெண்டியைக் கீழே வைத்தேன். "பதினெட்டு வருஷத்துல முதல் தடவ அந்தச் சீட்டு காலியாச்சு. எனக்குப் போகணும். அந்த அடுப்ப எனக்குப் பாக்கணும். சார் கோவிச்சாலும் சரி, கமிட்டி கோவிச்சாலும் சரி."

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. கோபத்தில் ஆரம்பித்து அழுகையில் முடிப்பது என் வழக்கம், எங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராஜையன் அண்ணன் மெதுவாக உட்கார்ந்தார். வேதமாணிக்கம் சார்தான் என் முன்னால் வந்து நின்றார்.

"பிள்ளே, எங்கள எருசலேமுக்கு ஏத்திவிட்டது நீ. நானும் எனக்க வீட்டுக்காரியும் ரெண்டாயிரத்துப் பன்னிரண்டுல. நீ வாசல்ல நின்னு கை காட்டினே. உள்ள வரலியான்னு ஒரு வாக்கு கேக்கல. ஒருத்தருக்கும் தோணலியே" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, பழைய தாலுகா ஆபீஸ் குரலில், "தலைவர் சீட்டு லீலாபாய்க்கு. யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார். ஆட்சேபம் இருந்தாலும் அந்தக் குரலுக்கு முன்னால் யார் சொல்வார்கள்? "ஆனா ஒண்ணு. அடுப்புக்கு முன்ன நான்தான் பேசுவேன். நீ இடையில கேறப்படாது."

"சரி சார்" என்றேன். இந்தச் 'சரி'யைச் சொல்ல எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கூட்டம் முடியும்போது எங்கள் சபையில் பயணம் போகிறவர்களுக்கு ஜெபம் உண்டு. போகிறவர்கள் முன்னால் நாற்காலியில் உட்காருவார்கள், போகாதவர்கள் சுற்றிலும் நின்று கை நீட்டுவார்கள், செயலாளர் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபிப்பார். அந்த நேரத்தில்தான் நான் பின்கட்டில் டம்ளர்களை அடுக்குவேன். அன்றும் கால் தானாகப் பின்கட்டுக்குப் போய்விட்டது. பாதி டம்ளர் அடுக்கிவிட்டேன்.

உள்ளேயிருந்து வேதமாணிக்கம் சார் சத்தம். "எங்க அவ? அவ பேரச் சொல்லாம நான் எப்படி ஆரம்பிப்பேன்?"

ஜெஸ்லின் வந்து என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி வைத்துவிட்டு, இழுத்துக்கொண்டு போனாள். அடுக்கிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை உருவி வரிசையின் முதலில் போட்டாள். உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். என் பெயர் முதலில் வந்தது. தலைமேல் ஒரு கை விழுந்தது, பிறகு தோளில் ஒன்று, முதுகில் ஒன்று. யார் யாருடைய கை என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ பேர் தலைமேல் இப்படிக் கை விழுவதைப் பின்கட்டிலிருந்து பார்த்திருக்கிறேன். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது இவ்வளவு கனமாகவும் இதமாகவும் இருக்கும் என்று ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை.

ஆமென் சொன்னார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. டீ கேட்டு யாரோ கூப்பிட்டார்கள்.

"அம்மா, ஜெபம் கழிஞ்ஞு. எழுந்திரு" என்றாள் ஜெஸ்லின்.

"இரு மக்ளே" என்றேன். "கொஞ்ச நேரம் இருந்துக்கிடுதேன்."